முன்னூற்றுப் பதினேழில் ஒன்றாம் ஆள்

கை ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோர நிழலுக்கு இழுத்துப் போட்டு விக்டோரியா உட்கார்ந்தபோது மணி பதினொன்றே முக்கால். பூங்காவனம் ஏரி வேலைக்குப் போயிருக்கிறாள், ஒரு மணிக்கெல்லாம் வந்துவிடுவாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி வேறொன்றும் சொன்னாள். அதை மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் விக்டோரியா இந்நேரம் பையிலிருந்த புளிசாதத்தைத் தின்றுவிட்டுக் காலை நீட்டிக் கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பாள். இருபத்தொரு வருஷத்தில் இந்தக் கணக்கெடுப்பு வேலை அவளுக்குக் கற்றுக்கொடுத்த பெரிய வித்தை அதுதான், அடுத்தவர் வீட்டு வாசலில் கூச்சமில்லாமல் தூங்குவது. இன்றைக்குத் தூக்கமும் வராது, புளிசாதமும் இறங்காது. முன்னூற்றுப் பதினாறாம் வீட்டில் ஆடு எத்தனை, கோழி எத்தனை, போன வாரம் எத்தனை நாள் பருப்பு போட்டுக் குழம்பு வைத்தீர்கள் என்றெல்லாம் கேட்டு முடித்து எழுந்தபோது, சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாள், "பக்கத்துல தாண்டவராயன் அண்ணன் இருக்காரா, வேலைக்குப் போயிட்டாரா?" முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "தாண்டவனா? அந்தாளு செத்து மூணு தெவசம் முடிஞ்சிபோச்சே டீச்சரு. ஐப்பசி மாசம், நல்ல மழைல. உனுக்குத் தெரியாதா?" தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "ஆமாமா, மறந்துட்டேன்" என்றாள் விக்டோரியா.

மூன்று திவசம். அவள் விரல் விட்டு எண்ணினாள், பிறகு நம்பிக்கை வராமல் மறு கையிலும் எண்ணினாள். போன தடவை இந்த வீட்டுக் கணக்கை எழுதியது மூன்று வருஷத்துக்கு முன்னால், மாசி மாசக் கடைசியில், மார்ச் ஒன்பதாம் தேதி. தேதி மறக்காது. அதற்கு முந்தின ஐப்பசி என்றால், அவள் எழுதிய அன்றைக்குத் தாண்டவராயன் செத்து நாலு மாசம் ஆகியிருந்தது. அவள் எழுதியதிலோ அவன் மாசத்துக்கு இருபத்திரண்டு நாள் வேலைக்குப் போனான், உடம்பு 'நன்றாக' இருந்தது, இரண்டு ஞாயிற்றுக்கிழமை கறி தின்றான், பீடியைக் குறைத்துக்கொண்டான். பீடியைக் குறைத்தது எதற்கு? யாரும் கேட்கவில்லை அதை. எப்போதும் ஒரு நாளைக்கு ஒரு கட்டு என்றுதான் வரும், அன்றைக்கு அரைக் கட்டு என்று போட்டாள். போனால் போகிறது, நல்லா இருக்கட்டும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். ஒரு முழு ஆளை, அதுவும் செத்த ஆளை, இருபத்திரண்டு நாள் கூலிவேலையில் மறைத்தவள் இந்த ஜில்லாவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஏழைக் குடும்பம் ஒன்று எப்படி மேலே வருகிறது, எங்கே சறுக்குகிறது என்பது ஒரு தடவை பார்த்தால் தெரியாதாம். அதே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய், அதே ஆளிடம் அதே கேள்வியைக் கேட்க வேண்டுமாம். முதல் பயிற்சியில் சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் அப்படித்தான் சொன்னார். ஆறு ஊர், நானூறு வீடு, மூன்று வருஷத்துக்கு ஒரு சுற்று, இது எட்டாவது சுற்று. முதல் சுற்றில் வந்த பதினாலு பேரில் இன்னும் இருப்பது விக்டோரியா மட்டும். மற்றவர்கள் கல்யாணமாகிப் போனார்கள், ஆசிரியர் வேலைக்குப் போனார்கள், ஒருத்தன் கட்சிக்குப் போனான். அவள் போகவில்லை, ஊர் அவளை டீச்சர் என்று கூப்பிடுவதோடு சரி. இந்த வீட்டுக்கு முதலில் வந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயசு, இங்கே கூரை வீடு, பூங்காவனத்தின் இடுப்பில் ஒரு குழந்தை. அது படிவத்தில் ஐந்தாம் எண். அடுத்த சுற்றில் வந்தபோது ஐந்தாம் எண் இல்லை, காய்ச்சலில் போய்விட்டது. ஆனால் எண் போகவில்லை. ஒரு தடவை ஒருத்தருக்குக் கொடுத்த எண்ணை இன்னொருத்தருக்குக் கொடுக்கக் கூடாது, அது சட்டம். அதற்கப்புறம் பிறந்த பெண் ஆறாம் எண்ணாகத்தான் வந்தாள். பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஐந்தாம் வரி, முன்பு தாளில் கோடு போட்டும் இப்போது டேப்லெட்டில் சாம்பல் நிறத்திலும், பூட்டிக் கிடக்கும், விக்டோரியா அதைத் தாண்டி ஆறுக்குப் போவாள். அந்தக் குழந்தையின் பெயரை ஞாபகம் வைத்திருக்கிறவர்கள் உலகத்தில் மூன்று பேர். இல்லை, இப்போது இரண்டு பேர்.

போன சுற்றில் அன்றைக்கு என்ன கேடு வந்தது? கேடு ஒன்றுமில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஊரில் கடைசி நாள், கடைசி வீடு. சாயங்காலம் நாலரைக்கு வந்தாள், கதவு பூட்டியிருந்தது. காலையிலிருந்தே அவளுக்கு உதிரப்போக்கு, நிற்கிற வயசில் நிற்காமல் மூன்று வாரமாக ஊற்றிக்கொண்டிருந்தது, சேலையில் கறை இறங்கிவிட்டது என்று நடக்கும்போதே தெரிந்தது. பையைப் பின்னால் தொங்கவிட்டு மறைத்துக்கொண்டு பஸ் நிற்கும் கொட்டகை வரைக்கும் போனாள். இன்னொரு நாள் வருகிறேன் என்று மேற்பார்வையாளருக்குப் போன் போட்டிருக்கலாம். போன் போட்டாளே. "மேடம், நாளைக்கு அடுத்த ஊர் ஆரம்பிச்சே ஆகணும், எப்படியாவது முடிச்சிட்டு வாங்க" என்றான் கதிரவன். எப்படியாவது என்றுதான் சொன்னான், பொய் எழுது என்று சொல்லவில்லை. நாளைக்கு விசாரணை வந்தால் அவன் சொன்னது ஒரு சொல், அவள் எழுதியது நூற்று எண்பத்தாறு பதில். கொட்டகையின் சிமெண்ட் பெஞ்சில், காலை இறுக்கி ஒட்டி வைத்துக்கொண்டு, நாற்பது நிமிஷத்தில் எழுதி முடித்தாள்.  பதினெட்டு வருஷம் பார்த்த வீடு, கண்ணை மூடினால் பானை எங்கே இருக்கிறது என்று தெரியும், தாண்டவராயன் எந்தக் கேள்விக்கு எப்படி முக்குவான் என்று தெரியும். பத்துப் படி உள்ள ஏணி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், மேல் படியில் ரொம்ப வசதியானவர்கள், கீழ் படியில் ரொம்ப இல்லாதவர்கள், நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று ஒரு கேள்வி உண்டு. ஒவ்வொரு தடவையும் அவன் சிரிப்பான். "ஏணியே இல்லாத வீட்ல எந்தப் படிம்மா? தரையில நிக்கிறேன்னு எழுதிக்கோ." தரை என்று எழுத இடமில்லை, இரண்டு என்று எழுதுவாள். அன்றைக்கு ஆறு என்று எழுதினாள். செத்து நாலு மாசம் ஆன மனுஷனைக் கொண்டுபோய் ஆறாம் படியில் நிறுத்தினாள்.

ஒன்றுதானே, ஒரே ஒரு வீடு. மற்றவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து பத்துப் பத்தாக எழுதித் தள்ளியதை அவள் பார்த்திருக்கிறாள், இரண்டு பேரைக் காட்டிக்கொடுத்தும் இருக்கிறாள். ஊருக்கு உபதேசம். புதுப்பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது அவள்தான் எழுந்து நின்று சொல்வாள், ஒருவர் தந்த ஒரு படிவம் பொய் என்று தெரிந்தால் அவர் எழுதிய எல்லாப் படிவத்தையும் ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள், ஏனென்றால் எது பொய் எது மெய் என்று யாருக்குத் தெரியும் என்று. எல்லாப் படிவமும்.  வேலை போகட்டும், மகள் புதுச்சேரியில் நர்ஸாக இருக்கிறாள், ஒரு வாய் சோறு போடுவாள். ஆனால் இருபத்தொரு வருஷம்? சேறு மிதித்தது, நாய் கடித்தது, கேட்டதையே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது, மூன்று மணி நேரம் காத்திருந்து ஒரு 'தெரியாது' வாங்கி அந்தத் தெரியாதைத் தெரியாது என்றே நேர்மையாக எழுதியது, எல்லாம் ஒரு சாயங்காலத்தோடு குப்பைக்கு. எழுநூற்றுச் சொச்சம் படிவம். மெய்யாகப் பசித்தவர்கள், மெய்யாகப் பிறந்தவர்கள், மெய்யாகச் செத்தவர்கள் அத்தனை பேரும் அவளோடு சேர்ந்து பொய்யாகிவிடுவார்கள். இதைவிட அவளுக்கு வேறு ஆஸ்தி கிடையாது. புருஷன் விட்டுப்போனபோதுகூட இந்தப் பயம் வரவில்லை.

வெயில் நாற்காலியின் முன்காலைத் தொட்டது. அவள் பின்னுக்கு நகர்ந்தாள். சுவரில் பூச்சு பெயர்ந்து உள்ளே கம்பி துருவேறித் தெரிந்தது, தொகுப்பு வீடு கட்டிப் பத்து வருஷம், அதை ஐந்தாம் சுற்றில் 'கான்கிரீட்' என்று மாற்றி எழுதியபோது அவளுக்கே கல்யாணம் மாதிரி சந்தோஷமாக இருந்தது. ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தால் நீல வாளி தெரியும். அது ஐந்தாம் சுற்றின் அன்பளிப்பு. சுற்றுக்கு ஒன்று கொடுப்பார்கள், டம்ளர், தட்டு, வாளி, குடை. போன சுற்றில் படுக்கை விரிப்பு. படுக்கை விரிப்பை நினைத்ததும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். அன்றைக்குப் பையில் ஒன்றே ஒன்று மீதி இருந்தது, இந்த வீட்டுக்கானது. பஸ்ஸில் அதை இடுப்பில் சுற்றிக்கொண்டுதான் ஊருக்குப் போனாள். துவைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள், மெய்யாகவே நினைத்தாள், ஆனால் கறை முழுதும் போகவில்லை, அதைக் கொண்டுபோய் ஒரு வீட்டில் எப்படிக் கொடுப்பது? மயில் போட்ட பச்சை விரிப்பு. நேற்றும் அதில்தான் படுத்தாள். பெற்றுக்கொண்டேன் என்ற சீட்டில் தன் இடது கட்டை விரலையே மையில் தொட்டு அமுக்கினாள், தாண்டவராயன் என்ற பெயருக்கு நேராக. அவன் இருந்திருந்தாலும் அவன் ரேகை அல்ல அது. இல்லாதவனுக்கு அவள் விரல் கொடுத்தாள். அந்தக் கட்டை விரலை இப்போது சேலைத் தலைப்பில் துடைத்தாள், மூன்று வருஷத்து மை அதில் இருக்கிற மாதிரி.

அந்தப் பொய்யை எழுதிய அடுத்த மாசம் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். பொய் சொன்னேன் சாமி என்றாள். யாரிடம் என்று சாமியார் கேட்கவில்லை, பின்னால் வரிசை நீளம். மூன்று அருள் நிறை மரியே சொல்லச் சொன்னார், ஐந்தாகச் சொல்லிவிட்டு வந்தாள். கணக்கு தீர்ந்தது என்று நினைத்தாள். மாதாவுக்கு மட்டும் அப்போதே தெரிந்திருக்குமா, நீ சொன்ன பொய் நீ நினைத்த பொய் அல்லடி பெண்ணே, அதற்குள் ஒரு சாவு இருக்கிறது என்று? தெரிந்திருந்தால் ஒரு கனவிலாவது சொல்லியிருக்கலாம். அப்போதே வந்து திருத்தியிருக்கலாம். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள், அவள் மடியில் மூன்று வருஷமாகக் கனம் இருந்தும் பயமில்லாமல் நடந்திருக்கிறாள், அதுதான் இப்போது கூச்சமாக இருந்தது.

டேப்லெட்டைத் திறந்தாள். முன்னூற்றுப் பதினேழு. ஒன்று, தாண்டவராயன், குடும்பத் தலைவர். 'இப்போதும் இந்த வீட்டில் இருக்கிறாரா?' இல்லை என்று தொட்டால் காரணம் கேட்கும். இறப்பு என்று தொட்டால் தேதி கேட்கும். காலையில் பக்கத்து வீட்டிலிருந்து வெளியே வந்ததுமே அவள் ஐப்பசி மாசத்துக்கு ஒரு தேதி போட்டுப் பார்த்துவிட்டாள். சிவப்பு எழுத்து வந்தது. 'சென்ற நேர்காணலின்போது இவர் உயிருடன் இருந்தார். தேதியைச் சரிபார்க்கவும்.' சரிபார்த்தாள். மறுபடியும் உயிருடன் இருந்தார். மார்ச் பத்தாம் தேதியிலிருந்து எந்தத் தேதியைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும், அதற்கு முன்னால் ஒரு நாள்கூட வாங்காது. இல்லையென்றால் 'விளக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு, அதில் எழுதினால் அது நேராகக் கதிரவனுக்குப் போகும், கதிரவனிடமிருந்து சென்னைக்கு. என்ன எழுதுவது விளக்கம்? 'நான் பார்க்காமல் எழுதினேன்.' மூன்று சொல். மூன்று சொல்லுக்கு எழுநூறு படிவம் விலை. அல்லது இப்போதே எழுந்து போய்விடலாம். மூன்று தடவை வந்தும் ஆள் இல்லை என்று எழுதினால் இந்த வீடு 'விடுபட்ட குடும்பம்' ஆகிவிடும், அதற்கப்புறம் யாரும் எந்தச் சுற்றிலும் இங்கே வரப்போவதில்லை. யாருக்கும் சேதமில்லை. பூங்காவனத்துக்கு இந்தச் சுற்றின் அன்பளிப்பான ஒரு தூக்குச்சட்டி நஷ்டம். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். நாலு எட்டு நடந்தும் விட்டாள். கோழி ஒன்று குறுக்கே வந்து நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. அந்தக் கோழிக்குப் பதில் சொல்ல முடியாமல் திரும்பி வந்து உட்கார்ந்தாள், அப்படித்தான் சொல்ல வேண்டும். மெய்யான காரணம் வேறு. முன்னூற்றுப் பதினேழு இல்லாமல் முன்னூற்றுப் பதினாறிலிருந்து பதினெட்டுக்குப் போகத் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சொல்லிவிடுவது. அவளிடமே சொல்லிவிடுவது. அக்கா, போன தடவை நான் உன் வீட்டுக்கு வராமலே எழுதிவிட்டேன், உன் புருஷனை உயிரோடு எழுதிவிட்டேன், இன்றைக்கு அதைத் திருத்தப் போகிறேன். சொன்னால் என்ன செய்வாள்? மண்ணை வாரித் தூற்றுவாளா? தூற்றட்டும். தூற்றினால் நல்லதுதான். அதற்கப்புறம் விளக்கம் எழுதுவது சுலபம், ஒருத்தி தூற்றிவிட்டாள், இன்னொருத்தன் வேலையை விட்டு எடுத்தால் என்ன. சொல்லத்தான் வேண்டும். உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். இதை முடிவு செய்ததும் மார்பில் ஒரு கட்டு அவிழ்ந்த மாதிரி இருந்தது, தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பாதியைக் குடித்தாள். குடித்து முடிக்கும் முன்பே கட்டு மறுபடி விழுந்துவிட்டது. எழுநூறு படிவம். ஐந்தாம் எண்ணும் அதில்தான் இருக்கிறது. அந்தக் குழந்தை நாலு வருஷம் இருந்தது என்பதற்கு வேறு எங்கே எழுத்து இருக்கிறது?

பூங்காவனம் ஒன்றே காலுக்கு வந்தாள். முழங்கால் வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது, தலையில் துண்டு, கையில் மண்வெட்டி. நெற்றியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தவள் முதலில் நெற்றியைத்தான் பார்த்தாள்.

"இன்னா டீச்சரு, எப்ப வந்த? போன் பண்ணக் கூடாது? நானு பாதியிலியே வந்திருப்பேனே" என்றாள் பூங்காவனம். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, நீல வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு கால் கழுவினாள். ஒரு சொம்பு விக்டோரியாவுக்கும் கொண்டுவந்தாள். "குடி. மூஞ்சி ஏன் இப்பிடிக் கெடக்குது? உடம்பு சரியில்லியா?"

"ஒண்ணுமில்லக்கா. வெயிலு." விக்டோரியா சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இப்போது. இப்போதே. "அக்கா, போன தடவ..."

"போன தடவ நீ வரல" என்றாள் பூங்காவனம்.

விக்டோரியா சொம்பைக் கீழே வைத்தாள். தெரிந்திருக்கிறது. மூன்று வருஷமாகத் தெரிந்திருக்கிறது. பரவாயில்லை, அவளே ஆரம்பித்துவிட்டாள், இனி ஆமாம் என்றால் போதும். ஒரு சொல். வாயைத் திறப்பதற்குள் பூங்காவனம் வாசல்படியில் உட்கார்ந்து துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே சொல்லிக்கொண்டு போனாள். "ஊர்ல எல்லா ஊட்டுக்கும் வந்த, எங்கூட்டுக்கு மட்டும் வரல. நான் அன்னிக்கு அவுரு தங்கச்சி ஊட்டுக்குப் போயிட்டு ராத்திரிதான் வந்தேன். மறுநாளு நீ வருவன்னு பாத்தேன். ரெண்டு நாளு வேலைக்குக்கூடப் போவல. அப்பால நானே நெனச்சிக்கினேன், டீச்சருக்குத் தெரிஞ்சிபோயிருக்கும், சாவு உழுந்த ஊடு, இப்பதான் நாலு மாசம் ஆவுது, போயி இன்னா சாப்ட்ட இன்னா குடிச்சன்னு எப்பிடிக் கேக்குறதுன்னு வுட்டுட்டுப் போயிட்டாங்கன்னு. வேற யாருக்கு டீச்சரு அந்த எண்ணம் வரும்? எம் மவன் காரியம் முடிஞ்ச அன்னிக்கே திருப்பூருக்கு பஸ் ஏறிட்டான்."

இதை எதிர்பார்க்கவில்லை. திட்டு வரும் என்று எதிர்பார்த்தாள், அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். இப்படி ஒரு நல்ல பெயரைத் தைத்துத் தயாராக மடித்து வைத்திருப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. அதை எப்படி மறுப்பது? இல்லையக்கா, உன் வீட்டுச் சாவு எனக்குத் தெரியவே தெரியாது, என் சேலையில் கறை, உன் விரிப்பை இடுப்பில் சுற்றிக்கொண்டு போனேன் என்றா? சொன்னால் அவளுக்கு அந்த ரெண்டு நாள் காத்திருப்பும் போய்விடும். இல்லை, இது சாக்கு. அவளுக்காக அல்ல, உனக்காகத்தான் வாயை மூடுகிறாய். சாக்கு என்று தெரிந்தும் வாய் மூடியே இருந்தது. "ஆமாக்கா" என்றது அவள் குரல். அவ்வளவுதான். அந்த ஆமாவோடு அன்றைக்கு இருந்த ஒரே கதவும் சாத்திக்கொண்டது, சாத்தியது அவளேதான்.

"சரி, இப்ப கேளு" என்றாள் பூங்காவனம். நிமிர்ந்து உட்கார்ந்து, பரீட்சைக்கு வந்தவள் மாதிரி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். "ஒண்ணு ஒண்ணா கேப்பியே, யாரு க்கீறாங்க, யாரு இல்லன்னு. கேளு."

விக்டோரியா திரையைப் பார்த்தாள். கேள்வியை இருக்கிறபடியே படிக்க வேண்டும், மாற்றக் கூடாது, குரலில் எதையும் காட்டக் கூடாது, அதை அவளே ஐம்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். "ஒண்ணு, தாண்டவராயன். இப்பவும் இந்த வீட்டுல இருக்காரா?"

"இல்ல" என்றாள் பூங்காவனம்.  பிறகு நிறுத்தாமல் பேசினாள். "ஐப்பசி பதினெட்டு, செவ்வாக்கெழம. வெடிகாத்தாலயே மழ. கஞ்சி ஊத்தச் சொன்னாரு, ஊத்திக் குடுத்தேன், ரெண்டு வாயி குடிச்சிட்டு இந்தக் கை மரத்துப்போற மாரி க்கீதுன்னாரு. இடது கை. தேச்சி உட்டேன். வேர்க்குதுன்னாரு, மழையில இன்னா வேர்வன்னு நானு திட்டினேன். திட்டினேன் டீச்சரு, அதான். அப்பால ஆட்டோ புடிச்சி ஏத்திக்கினு போனோம். ரயில்வே கேட்டாண்ட போவச்சொல்ல கேட்டு போட்டுட்டான். ஒரு வண்டி போச்சி. தொறப்பான்னு பாத்தா தொறக்கல, இன்னொரு வண்டி வருதுன்னான். எந் தோள்லதான் சாஞ்சிக்கினு இருந்தாரு. ரெண்டாவது வண்டி கூட்ஸு. பொட்டி பொட்டியாப் போயிக்கினே இருக்குது. நான் அத்த எண்ணிக்கினே இருந்தேன். கேட்டு தொறந்த பொறவு பாத்தா தல தொங்கிப் போச்சி. எத்தினியாவது பொட்டில போனாருன்னு எனக்குத் தெரியாது." கண்ணீர் வரவில்லை அவளுக்கு, மூன்று வருஷமாகத் தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்து வழவழப்பாகிப்போன குரலில் சொன்னாள். "ஆட்டோக்காரன் அப்பிடியே திருப்பிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போனா போலீசு, அறுப்பாங்கன்னு சொன்னாங்க. ஊட்டுக்கே கொண்டாந்துட்டோம். யாரும் என்னை எப்பிடிப் போனாருன்னு கேக்கல. மாரடைப்பாம்னு அவுங்களே சொல்லிக்கினாங்க. நீ வந்தா கேப்ப, சொல்லலாம்னு வச்சிருந்தேன்."

ஐப்பசி பதினெட்டு என்றால் நவம்பர் நாலு. விக்டோரியா இல்லை என்று தொட்டாள். இறப்பு என்று தொட்டாள். நவம்பர் நாலு என்று போட்டாள். 'சென்ற நேர்காணலின்போது இவர் உயிருடன் இருந்தார்.' பூங்காவனம் படிக்கத் தெரியாதவள், இருந்தும் திரை சிவந்ததைப் பார்த்து, "இன்னா, செவப்பா வருது?" என்று கேட்டாள். "சிக்னலு இல்லக்கா." கட்டை விரல் விளக்கக் கட்டத்தின் மேல் போய் நின்றது. நான் என்று ஆரம்பிக்க வேண்டும். நா என்று அடித்தாள். அழித்தாள். ஒரு நல்ல மனுஷி இங்கே இருந்தால் எழுதியிருப்பாள், அந்த மனுஷியை அவள் நன்றாக அறிவாள், பயிற்சி வகுப்பில் எழுந்து நின்று பேசுகிறவள் அவள். அவள் இன்றைக்கு வரவில்லை. விக்டோரியா தேதிக் கட்டத்துக்குத் திரும்பினாள். நவம்பரை அழித்துவிட்டு மார்ச் பத்து என்று போட்டாள். சிவப்பு மறைந்து பச்சை வந்தது. மாசி மாசம், மழையில்லாத ஒரு நாளில், கேட்டும் இல்லாமல் ரயிலும் இல்லாமல் தாண்டவராயன் இன்னொரு தடவை செத்தான், அதுவும் அவள் கையால். ஒன்றாம் வரி சாம்பல் நிறமாகிப் பூட்டிக்கொண்டது. இனி அதை யாராலும், அவளாலும், திறக்க முடியாது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"எழுதிக்கினியா?"

"எழுதிட்டேன்கா."

"இன்னா எழுதின, படி. ஒரு தரம் கேக்குறேன்."

திரையில் மார்ச் பத்து என்று இருந்தது. விக்டோரியா அதைப் பார்த்துக்கொண்டே படித்தாள். "தாண்டவராயன். வயசு அம்பத்தேழு. ஐப்பசி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை காலையில, ரயில்வே கேட்டாண்ட, பூங்காவனம் தோள்ல சாஞ்சபடி இறந்துபோனார்." பூங்காவனம் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். செவ்வாய்க்கிழமைக்கு ஒரு தலையாட்டு, கேட்டுக்கு ஒரு தலையாட்டு. தோள் என்றதும் கை தானாகத் தோளுக்குப் போயிற்று.

"ஆமா, அதான்" என்றாள். "பஞ்சாயத்துல போயி எழுதிக்கோன்னு கேட்டேன், ஆஸ்பத்திரி சீட்டு எங்கன்னான். வேற எங்கியும் எழுதல டீச்சரு. இது ஒண்ணுலதான் க்கீது. பத்ரமா வச்சிக்க."

"சரிக்கா" என்றாள் விக்டோரியா.